பாரிஸ் – லண்டன்: தொடருந்து நின்ற நாளில் எந்த வழியால் போவது?

லாச்சப்பல் வாசகி
7 மார்ச் 2025, காலை 8:10

அனைவருக்கும் வணக்கம். நாளை சனிக்கிழமை லண்டன் ஹரோவில் என் தங்கையின் மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா. தாய்மாமன் முறையில் செய்ய வேண்டியவற்றை எங்கள் வீட்டிலிருந்துதான் கொண்டு போக வேண்டும் என்பதால், அம்மாவும் நானும் இன்று முற்பகல் லண்டன் போகும் யூரோஸ்டார் அதிவேகத் தொடருந்தில் புறப்பட இருந்தோம். பெட்டிகளுடன் பாரிஸின் வடக்கு நிலையமான ‘கார் து நோர்’ வாசலுக்கு வந்த பிறகுதான் ஒரு தொடருந்தும் ஓடவில்லை என்பது தெரிந்தது. நிலையத்துக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் தள்ளி, சென் தெனிப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டி இரவு மண்வேலை செய்தவர்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வெடிகுண்டு ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். யூரோஸ்டார் மட்டுமன்றி, வடக்கே போகும் உள்ளூர்த் தொடருந்துகளும் நிற்கின்றன.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலி உண்டு. படிகளில் மெதுவாகத்தான் ஏறுவார். அவரிடம் இலங்கைக் கடவுச்சீட்டும், பிரெஞ்சு வதிவிட அட்டையும், பிரித்தானிய வருகை விசாவும் உள்ளன. என்னிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ளது. இரண்டு பெரிய பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குள் எட்டுக் கிலோ எடையுள்ள பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது. நாளை காலை ஒன்பது மணிக்குள் நாங்கள் ஹரோவில் நிற்க வேண்டும். காத்திருப்பதா, பேருந்தா, விமானமா, கப்பலா என்று அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


நெடுவழி
7 மார்ச் 2025, காலை 8:32

சகோதரி, முதலில் ஒரு விடயம். உங்கள் பயணச்சீட்டை நீங்களாக இரத்துச் செய்து விடாதீர்கள். நிறுவனம் இரத்துச் செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும், அல்லது கட்டணமின்றி வேறு நாளுக்கு மாற்றலாம். நீங்களாகப் போக விருப்பமில்லை என்று அறிவித்தால், அது உங்கள் சீட்டின் சாதாரண விதிகளுக்குள் போய்விடும். பதற்றத்தில் பலர் செய்யும் முதல் தவறு இதுதான்.

நான் பத்தொன்பது ஆண்டுகளாகப் பிரெஞ்சுத் துறைமுகமான கலேக்கும் ஆங்கிலத் துறைமுகமான டோவருக்கும் இடையே பாரவூர்தி ஓட்டுகிறேன். தடங்கல் வந்த நாட்களில் எந்த வாகனம் நல்லது என்று ஆராய்வதற்கு முன், பாதை எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். பாரிஸ் – லண்டன் பாதையில் அறுபடக்கூடிய இடங்கள் பல. கார் து நோர் நிலையமும் அதை ஒட்டிய தண்டவாளங்களும் ஒன்று; பாரிஸிலிருந்து லில் வழியாகக் கலே வரை போகும் அதிவேகப் பாதை இன்னொன்று; ஆங்கிலக் கால்வாய்க்குக் கீழே போகும் 50 கிலோமீற்றர் நீளமான கால்வாய்ச் சுரங்கம் வேறொன்று; அதற்கு அப்பால் கென்ற் மாவட்டத்திலிருந்து லண்டனின் சென் பங்கிராஸ் நிலையம் வரையுள்ள பாதையும் இருக்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று தேம்ஸ் நதிக்குக் கீழே உள்ள சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து அந்தக் கடைசித் துண்டு அடைபட்டது. 2024 ஜூலை 26 அன்று, ஒலிம்பிக் தொடக்க நாளில், அதிவேகப் பாதையின் சமிக்ஞை வடங்களுக்குத் தீ வைத்தார்கள். அன்று தொடருந்துகள் பழைய பாதையால் சுற்றிக்கொண்டு ஓடினவே தவிர முற்றாக நிற்கவில்லை. இப்படி ஒவ்வொரு முறையும் அறுந்த இடம் வேறு என்பதால், போன முறை கைகொடுத்த மாற்றுவழி இந்த முறையும் கைகொடுக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது.

இன்று அறுந்திருப்பது கார் து நோரின் வாசல். ஆகவே, லில் நகருக்குப் போய் அங்கிருந்து யூரோஸ்டார் ஏறலாம் என்று யாராவது சொன்னால், லில் செல்லும் தொடருந்தும் அதே வாசலால்தான் வெளியேற வேண்டும் என்பதை நினைவில் வைத்திருங்கள். சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்துக்குப் போகும் உள்ளூர்த் தொடருந்துக்கும் அதே நிலைமைதான். பெர்சி பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்துகள் வடக்கு நெடுஞ்சாலையால் போக வேண்டும். குண்டை அகற்றும் வேளையில் நகரைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலையையும் மூடுவார்களானால் அவை நகருக்குள்ளேயே நின்றுவிடக்கூடும். வடக்கு வாசலைத் தொடாமல் பாரிஸை விட்டு வெளியேற இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று தெற்கே ஓர்லி விமான நிலையம். மற்றது மேற்கே சென் லசார் நிலையம். சென் லசாரிலிருந்து ருவான் ஊடாகத் தியெப் துறைமுகம் போய், அங்கிருந்து இங்கிலாந்தின் நியூஹேவனுக்குக் கப்பல் ஏறலாம். நடந்து ஏறும் பயணிகளையும் அந்தக் கப்பலில் ஏற்றுகிறார்கள். யூரோஸ்டார் வருவதற்கு முன்பு லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே பல தலைமுறைகள் போய்வந்த வழி அது. இன்று நம்மவர்களில் அதை நினைப்பவர்கள் குறைவு.


வான்வழி
7 மார்ச் 2025, காலை 8:41

ஓர்லிக்கு 14ஆம் இலக்க மெட்ரோ 2024 ஜூன் முதல் நேராக ஓடுகிறது. ஆகவே விமான நிலையத்தைச் சென்றடைவது இன்று கடினமல்ல. கடினம் இருக்கையில்தான். யூரோஸ்டாரின் புதிய வகைத் தொடருந்து ஒன்றில் ஏறத்தாழ 900 இருக்கைகள் உள்ளன. குறுந்தூர விமானத்தில் 180 பேர் அளவில்தான் ஏற முடியும். ஒரு தொடருந்து நின்றால் ஐந்து விமானங்களுக்குரிய மக்கள் தெருவுக்கு வருகிறார்கள். இன்று நிற்பதோ ஒரு நாள் முழுவதற்குமுரிய தொடருந்துகள். இந்தக் கணக்கால்தான் விலை மணிக்கு மணி ஏறுகிறது. சற்று முன் பார்த்தபோது, மாலையில் லண்டன் போகும் விமானத்தில் ஒருவழிப் பயணத்துக்கு ஒருவருக்கு 300 யூரோவுக்கு மேல் கேட்டார்கள்.

விமானத்தைத் தெரிவு செய்வதானால் அடுத்த அரை மணி நேரத்துக்குள் செய்யுங்கள். குத்துவிளக்கைக் கைப்பையில் கொண்டு போக விடமாட்டார்கள் என்றே எண்ணி, பெட்டியை ஒப்படைக்கும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். தொடருந்தில் பெட்டியை எடை போடுவதில்லை என்ற பழக்கத்தில் கட்டப்பட்ட பெட்டிகள், விமான நிலையத்தில் பெரும்பாலும் அளவை மீறிவிடும். எண்ணெய், பன்னீர் போன்றவை இருந்தால் அவற்றையும் ஒப்படைக்கும் பெட்டிக்குள் வையுங்கள்.


புதிய உறுப்பினர் 77
7 மார்ச் 2025, காலை 8:48

டப்ளினுக்கு விமானம் மலிவாகக் கிடைக்கிறது. அங்கிருந்து லண்டனுக்கு நாள் முழுவதும் விமானங்கள் இருக்கின்றன. அப்படிப் போனால் என்ன?


சட்டக்குறிப்பு
7 மார்ச் 2025, காலை 8:55

தயவுசெய்து வேண்டாம். அம்மாவின் கடவுச்சீட்டு இலங்கைக்குரியது. ஐரோப்பிய நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனையின்றிப் போய்வரும் ஷெங்கன் வலயத்தில் அயர்லாந்து இல்லை. பிரெஞ்சு வதிவிட அட்டை அங்கு நுழைய உதவாது. பிரித்தானிய விசாவைக் காட்டி அயர்லாந்துக்குள் போகும் ஏற்பாடு இந்தியா, சீனா போன்ற சில நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கே உண்டு, இலங்கையர்களுக்கு இல்லை. இரண்டு தனித்தனிச் சீட்டுகள் வாங்கினால் டப்ளினில் குடிவரவைக் கடந்துதான் மறுபடி ஏற வேண்டியிருக்கும். உரிய விசா இல்லாவிட்டால் பாரிஸிலேயே விமானத்தில் ஏற்ற மறுத்துவிடுவார்கள்.

மாற்றுவழி சொல்பவர்கள், பயணிப்பவர் எந்தக் கடவுச்சீட்டில் போகிறார் என்று கேட்காமல் சொல்லக் கூடாது என்பது என் தாழ்மையான வேண்டுகோள். நம் வீடுகளில் ஒரே குடும்பத்துக்குள் பிரெஞ்சு, பிரித்தானிய, இலங்கைக் கடவுச்சீட்டுகளும் அகதிப் பயண ஆவணமும் கலந்திருக்கின்றன. மகளுக்குத் திறக்கும் வழி தாய்க்குத் திறக்காது. பெல்ஜியம், நெதர்லாந்து வழியாகச் சுற்றுவதில் இந்தச் சிக்கல் இல்லை. அவை ஷெங்கனுக்குள்ளேயே இருக்கின்றன.

பண விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். போர்க்காலக் குண்டு என்பது நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய நிகழ்வு. ஆகவே தாமதத்துக்கான இழப்பீட்டை எதிர்பார்க்க வேண்டாம். சாதாரணக் கோளாறாக இருந்தால் தொடருந்து விதிப்படி ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 வீதமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் 50 வீதமும் கேட்கலாம். ஆனால் இழப்பீடு இல்லை என்பதற்காகச் சீட்டின் பணமும் போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பயணம் இரத்தானால் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை எந்தக் காரணத்தாலும் அழியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கேட்காமலே விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.


ஈஸ்ட்ஹாம் கணக்கர்
7 மார்ச் 2025, காலை 9:02

குண்டை இன்று மாலைக்குள் அகற்றிவிடுவார்கள். நாளை காலை முதல் தொடருந்து ஓடும் என்றே நான் நினைக்கிறேன். வயதான அம்மாவை வைத்துக்கொண்டு இன்று அலைவதைவிட, நாளை அதிகாலைத் தொடருந்துக்கு மாற்றுவது நல்லதல்லவா? பாரிஸிலிருந்து லண்டனுக்கு இரண்டு மணி இருபது நிமிடம். நேர வித்தியாசத்தில் ஒரு மணி நேரம் மிச்சம்.


நெடுவழி
7 மார்ச் 2025, காலை 9:11

அண்ணா, தொடருந்து நாளை ஓடும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஓடுவது வேறு, அதில் இடம் கிடைப்பது வேறு. இன்று ஏற முடியாத அத்தனை பேரும் நாளைய இருக்கைகளைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு உரியவர்கள் ஏற்கெனவே தங்கள் இடங்களில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விழா என்றால் நானும் உங்களைப் போலவே காத்திருக்கச் சொல்வேன். காலை ஒன்பது மணிக்கு மண்டபத்தில் நிற்க வேண்டியவர், நாளைய முதல் தொடருந்தில் இரண்டு இருக்கைகள் கையில் உறுதியானால் மட்டும் காத்திருக்கலாம். இல்லாவிட்டால் இன்றிரவே கடலைத் தாண்டிவிட வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இறங்கிய பின், நடுச்சாமமானாலும் உறவினர் காரோடு வந்து கூட்டிப் போகலாம். இந்தப் பக்கம் நின்றால் ஒருவராலும் உதவ முடியாது.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் வானத்தை மூடியபோது நான் கலேயில் நின்றேன். விமானம் இல்லாத மக்கள் எல்லாம் கப்பலுக்கு வந்தார்கள். நடந்து ஏறுபவர்களுக்குச் சீட்டு முடிந்த பிறகு, சிலர் ஊருக்குள் போய்ச் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து, சைக்கிள் பயணிகளாக ஏறினார்கள். இரண்டாம் நாள் வந்தவர்களுக்கு அந்த வழியும் இருக்கவில்லை. முதல் நாள் காலையில் முடிவெடுத்தவர்கள்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பேருந்தைப் பற்றியும் ஒரு சொல். எட்டு, ஒன்பது மணி நேரப் பயணம் என்பது பெரிய விடயமல்ல. கலேயில் பிரித்தானியக் குடிவரவுச் சோதனைக்கு எல்லோரும் எல்லாப் பொதிகளுடனும் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏற வேண்டும். கப்பலில் போகும் பேருந்தானால், வாகனத் தளத்திலிருந்து செங்குத்தான இரும்புப் படிகளால் மேல்தளத்துக்குப் போக வேண்டும். இளையவர்களுக்கு இதுவே மலிவான வழி. நானும் இளையவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு இது ஏற்றதல்ல.


லாச்சப்பல் வாசகி
7 மார்ச் 2025, காலை 9:40

எல்லோருக்கும் மிக்க நன்றி. நாளை காலைத் தொடருந்துகளில் எங்கள் இருவருக்கும் இடம் காட்டவில்லை. விமானச் செலவு, பெட்டிகளுடன் சேர்த்து, இருவருக்கும் 800 யூரோவை நெருங்குகிறது. தியெப்பிலிருந்து மாலை புறப்படும் கப்பலில் நடந்து ஏறுபவர்களாக இரண்டு இடங்கள் கிடைத்துவிட்டன. ஆகவே அந்த வழியால் போகத் தீர்மானித்திருக்கிறோம். கப்பலில் இடம் உறுதியான பிறகுதான் ருவான் தொடருந்துச் சீட்டை வாங்கினேன்; வரிசை மாறியிருந்தால் தியெப் கடற்கரையில் நின்று தவித்திருப்போம். அம்மாவை வாடகைக் காரில் சென் லசாருக்கு அழைத்துப் போகிறேன்.


சட்டக்குறிப்பு
7 மார்ச் 2025, காலை 9:52

நல்ல தெரிவு. ஒரு சிறு குறிப்பு. கார் து நோரிலும் கலேயிலும் பிரித்தானிய அதிகாரிகள் பிரெஞ்சு மண்ணிலேயே அமர்ந்து முத்திரை இடுவார்கள். ஷெங்கனை விட்டு வெளியேறுவதும் பிரித்தானியாவுக்குள் நுழைவதும் சில அடிகளுக்குள் முடிந்துவிடும். தியெப்பில் அப்படி இல்லை. அங்கு பிரெஞ்சு வெளியேற்றச் சோதனை மட்டும் நடக்கும். பிரித்தானியச் சோதனை நியூஹேவனில் இறங்கிய பிறகு நடக்கும். அம்மாவின் விழா அழைப்பிதழ், தங்கையின் முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருங்கள். கைபேசியில் மின்சாரம் தீர்ந்துபோகும் நேரத்தில்தான் அதிகாரி அவற்றைக் கேட்பார்.


வான்வழி
7 மார்ச் 2025, காலை 9:58

மருந்துகளையும் பெட்டிக்குள் வைக்காமல் கையோடு வைத்திருங்கள். 2009 டிசம்பரில் பனிக்குளிரிலிருந்து சுரங்கத்தின் வெப்பத்துக்குள் நுழைந்த ஐந்து தொடருந்துகள் பழுதடைந்து நின்றபோது, 2000க்கும் மேற்பட்டவர்கள் இரவு முழுவதும் உள்ளே சிக்கியிருந்தார்கள். தண்ணீரும் மருந்தும் கையில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அந்த இரவு ஒன்றாக இருந்திருக்காது.


லாச்சப்பல் வாசகி
9 மார்ச் 2025, இரவு 9:15

விழா சிறப்பாக நடந்தது. நேற்றுக் காலை எட்டரை மணிக்கே மண்டபத்தில் இருந்தோம். குத்துவிளக்கும் வந்து சேர்ந்தது. பின்னால் வருபவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் பயணத்தை விவரமாக எழுதுகிறேன்.

சென் லசாரில் குண்டு பற்றிய பதற்றம் சிறிதும் இல்லை. ஒரே நகரத்தில் ஒரு நிலையம் முற்றாக முடங்கியிருக்க, சில கிலோமீற்றர் தள்ளி இன்னொரு நிலையத்தில் மக்கள் கோப்பி குடித்துக்கொண்டு தங்கள் தொடருந்துக்குக் காத்திருந்த காட்சியை நான் எதிர்பார்க்கவே இல்லை. ருவான் வரை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அங்கு மாறித் தியெப் வரை முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ருவானில் தொடருந்து மாறும்போது படிகள் உண்டு. ஓர் இளைஞர் கேட்காமலே பெட்டியைத் தூக்கித் தந்தார்.

தியெப் நிலையத்திலிருந்து கப்பல் துறை ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். நடக்கக்கூடியவர்கள் துறைமுகத்தைச் சுற்றி நடந்துவிடலாம். நாங்கள் வாடகைக் கார் தேடினோம். நிலைய வாசலில் ஒன்றும் நிற்கவில்லை. அருகில் இருந்த கடைக்காரர் தொலைபேசியில் அழைத்துத் தந்தார். இருபது நிமிடம் காத்திருந்தோம். இந்த வழியில் வயதானவர்களுடன் போவோர், பாரிஸிலிருந்து புறப்படும்போதே தியெப்பில் வாடகைக் காருக்குச் சொல்லி வைப்பது நல்லது. எங்களுக்கு ஏற்பட்ட ஒரே கலக்கம் அந்த இருபது நிமிடங்களில்தான்.

கப்பல் துறைக் கட்டடத்தில் நடந்து ஏறுபவர்கள் நாற்பது பேர் வரை இருந்தோம். வழக்கமாக இவ்வளவு பேர் வருவதில்லை என்று சைக்கிளுடன் நின்ற ஓர் ஆங்கிலேயர் சொன்னார். எங்களை ஒரு சிறிய பேருந்தில் ஏற்றி, கப்பலின் வாகனத் தளத்துக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்து மின்தூக்கியில் மேலே போனோம். பெட்டிகளைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு மணி நேரக் கடற்பயணம். முதல் ஒரு மணி நேரம் அலை சற்று அதிகமாக இருந்தது. அம்மா கப்பலின் நடுப்பகுதியில் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு, குமட்டாமல் இருக்க வாயில் ஒரு துண்டு வேர்க்கொம்பை (சுக்கை) அடக்கியபடி கண்ணை மூடியிருந்தார். பிறகு எழுந்து பயற்றம் பணியாரப் பெட்டியைத் திறந்து, பக்கத்து இருக்கையில் அழுதுகொண்டிருந்த குழந்தைக்கு ஒன்று கொடுத்தார். அந்தக் குழந்தையின் பெற்றோரும் யூரோஸ்டார் கிடைக்காமல் வந்தவர்கள்.

நியூஹேவனில் இறங்கும்போது இருட்டிவிட்டது. அதிகாரி அம்மாவிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை நாள் என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க, அம்மா அழைப்பிதழை எடுத்து நீட்டினார். மணமக்கள் இல்லாத அழைப்பிதழில் ஒரு சிறுமியின் படம் இருப்பதைப் பார்த்து அது என்ன விழா என்று அவர் விசாரித்தார், சொன்னேன், முத்திரை விழுந்தது. தாளில் எழுதி வைத்திருக்கச் சொன்ன சட்டக்குறிப்பு அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. என் கைபேசி அப்போது உண்மையிலேயே அணைந்து போயிருந்தது.

நியூஹேவன் நகர நிலையம் கப்பல் துறையிலிருந்து நடக்கும் தூரம்தான். அங்கிருந்து லூயிஸ் போய், மாறினால் லண்டன் விக்டோரியா வரலாம். மச்சான் காரில் வந்ததால் நாங்கள் தொடருந்து ஏறவில்லை. இருவருக்கும் எல்லாச் செலவும் சேர்த்து விமானத்துக்குக் கேட்ட தொகையில் மூன்றில் ஒன்றுகூட ஆகவில்லை. யூரோஸ்டாருக்குக் கொடுத்த பணமும் திரும்பி வருகிறது என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. வாசல் முதல் வாசல் வரை ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம்.


ஈஸ்ட்ஹாம் கணக்கர்
9 மார்ச் 2025, இரவு 9:40

நான் காத்திருக்கச் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை தொடருந்துகள் ஓடின. ஆனால் என் நண்பர் ஒருவருக்கு ஞாயிறு பிற்பகலுக்குத்தான் இடம் கிடைத்தது.


வான்வழி
21 மார்ச் 2025, பிற்பகல் 1:20

இரண்டு வாரத்துக்குள் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. நேற்றிரவு ஹேய்ஸ் பகுதியில் உள்ள மின் உபநிலையத்தில் தீப்பற்றியதால் ஹீத்ரோ விமான நிலையம் மூடப்பட்டிருக்கிறது. இன்று பாரிஸ் போக வேண்டியவர்களுக்கு யூரோஸ்டார்தான் கைகொடுக்கிறது. கூடுதல் தொடருந்துகளும் விடுகிறார்கள். ஆனால் அங்கும் இருக்கைகள் வேகமாகத் தீர்கின்றன. கற்விக், லூற்றன் விமான நிலையங்களிலிருந்து பாரிஸுக்கு விமானங்கள் இருப்பதை மறக்க வேண்டாம். ஹீத்ரோ மூடப்பட்டது என்ற செய்தியைக் கேட்டதும் விமானமே இல்லை என்று எண்ணி எல்லோரும் சென் பங்கிராஸுக்கு ஓடுகிறார்கள். லண்டனுக்கு ஒரு விமான நிலையம் மட்டும் இல்லை.

விமானம் இரத்தானவர்கள், வேறு வழியில் கொண்டு போய்ச் சேர்க்கும்படி விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான பொத்தானை அழுத்திவிட்டால் அந்த உரிமை முடிந்துவிடும். பணம் திரும்பப் பெறுவது, மாற்றுப் பயணம் இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். விலை ஏறிய நாளில் மாற்றுப் பயணத்தின் பெறுமதிதான் அதிகம்.


வெம்பிளி வாசகர்
30 டிசம்பர் 2025, காலை 11:05

பழைய இழையை மேலே கொண்டு வருவதற்கு மன்னிக்கவும். கால்வாய்ச் சுரங்கத்தில் மின்வழங்கல் கோளாறு; உள்ளே ஒரு வாகனத் தொடருந்தும் பழுதாகி நின்றிருக்கிறது. யூரோஸ்டார் ஓடவில்லை. புத்தாண்டுக்குப் பாரிஸில் மாமி வீட்டுக்குப் போக வேண்டும். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். எல்லோரும் பிரித்தானியக் கடவுச்சீட்டு. எங்களிடம் கார் இருக்கிறது. ஃபோக்ஸ்டனுக்கு ஓட்டிக்கொண்டு போனால் காரோடு சுரங்கத்தால் போகலாமா?


நெடுவழி
30 டிசம்பர் 2025, காலை 11:18

தம்பி, ஃபோக்ஸ்டனில் காரை ஏற்றும் தொடருந்தும் அதே சுரங்கத்தால்தான் போகிறது. இன்று அறுந்திருப்பது சுரங்கம். ஆகவே, மார்ச் மாதம் இந்தச் சகோதரிக்குப் பயன்படாமல் போன வழிகள் இன்று உங்களுக்குப் பயன்படும். காருக்குப் பெயர்போன சுரங்கவழி பயன்படாது. சுரங்கத்தில் இரண்டு தண்டவாளக் குழாய்கள் இருப்பதால் பிற்பகலில் ஒன்றை மட்டும் திறப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். திறந்தாலும் இரு திசைக்கும் மாறி மாறி அனுப்புவதால் வரிசை பல மணி நேரம் நீளும். குழந்தைகளை அந்த வரிசையில் காருக்குள் வைத்திருக்காதீர்கள்.

டோவரிலிருந்து கலேக்குக் கப்பல் ஒன்றரை மணி நேரம். நாளொன்றுக்குப் பல கப்பல்கள் உண்டு. காரோடு போவதற்கு அதையே இப்போதே பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாமல் துறைமுகத்துக்குப் போக வேண்டாம். கலேயிலிருந்து பாரிஸுக்கு ஏறத்தாழ 290 கிலோமீற்றர், நல்ல நெடுஞ்சாலை.


சட்டக்குறிப்பு
30 டிசம்பர் 2025, காலை 11:31

பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் புதிய நுழைவுப் பதிவு முறை படிப்படியாக வருகிறது. முதல் முறை போகும்போது முகப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை. டோவரில் பிரெஞ்சு எல்லைச் சோதனை கப்பல் ஏறும் முன்பே நடக்கும். ஆகவே, வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகப் போங்கள். பிரெஞ்சு வதிவிட அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு இல்லை. அட்டையை மறக்காமல் கையில் வைத்திருந்தால் போதும்.


லாச்சப்பல் வாசகி
30 டிசம்பர் 2025, நண்பகல் 12:05

தம்பி, டோவரில் இடம் கிடைக்காவிட்டால் நியூஹேவனைப் பாருங்கள். அங்கும் கார் ஏற்றுகிறார்கள், வரிசையும் குறைவு. குளிர்காலத்தில் நாளுக்கு ஓரிரு கப்பல்கள்தான் இருக்கும். கடும் காற்று என்றால் அதுவும் நிற்கும். எனவே பதிவு செய்யும் முன் கடல் வானிலையையும் ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளுக்கு வேர்க்கொம்பு காரமாக இருக்கும். எலுமிச்சம்பழத்தை வெட்டி ஒரு டப்பாவில் கொண்டு போங்கள்.


வெம்பிளி வாசகர்
30 டிசம்பர் 2025, பிற்பகல் 12:40

டோவரில் இன்றிரவுக் கப்பலுக்கு இடம் கிடைத்துவிட்டது. யூரோஸ்டார் சீட்டுகளை நானாக இரத்துச் செய்யவில்லை. அவர்களுடைய மின்னஞ்சலுக்குக் காத்திருக்கிறேன். பிள்ளைகளின் கடவுச்சீட்டுகளை எடுத்து வைத்தாயிற்று. எலுமிச்சம்பழம் வாங்கக் கடைக்குப் போகிறேன்.